வெள்ளைக்காரத் தொட்டியும் பொட்டு வைத்த ஸ்பேனரும்

"நாளைக்கு விளக்கு வெக்கிறதுக்குள்ள அந்தக் குழாயோட வாயை நான் மூடல, என் பேரு பரசுராமன் இல்ல!"

இப்படி ஒரு சபதத்தை ஒரு மனுஷன் சும்மா போட்டுவிட மாட்டான். ஒன்று, கோபம் தலைக்கேறியிருக்க வேண்டும். இல்லை, கழுத்தில் மாலை விழுந்திருக்க வேண்டும். பரசுராமனுக்கு விழுந்தது மாலை.

எண்பத்திரண்டாம் வருஷம், ஆயுத பூஜைக்கு முந்தின நாள். ஒரகடம் ரோட்டில் ஒரு பம்புக் கம்பெனி. பரசுராமன் அங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர். கம்பெனியில் பூஜை முடிந்து, வாசலில் பூசணிக்காய் உடைக்க யாரைக் கூப்பிடலாம் என்று பேச்சு வந்தது. சூப்பர்வைசர் தணிகாசலம் யோசிக்கவே இல்லை. "நம்ம பரசுராமன்தான். இவன் கை பட்டுக் கழலாத நட்டு இந்தக் கம்பெனியில கெடையாது" என்று சொல்லி, சாமி படத்து மாலை ஒன்றை எடுத்து அவன் கழுத்தில் போட்டுவிட்டார். அவ்வளவுதான். அந்த மாலையோடு பூசணிக்காய் உடைத்தான். அந்த மாலையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறினான். அந்த மாலையோடு வல்லத்தில் இறங்கி, நேர் வழி இருக்கும்போது ஊரெல்லாம் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

வாசலில் அவன் பெண்டாட்டி சந்திரம்மாள் இடுப்புக் குடத்தை இறக்கிக்கொண்டிருந்தாள். புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாய்யா, பஸ்ஸுக்குப் போட்ட மாலையைக் கழட்டிகினு வந்துட்டியா?"

"பஸ்ஸுக்குப் போட்டது இல்லமே! எனக்கே போட்டது. தணிகாசலம் சார் தன் கையால போட்டாரு. நான் கழட்டாத நட்டே கெடையாதுன்னாரு. எல்லாரும் கை தட்டுனாங்க."

"நல்லாத் தட்டட்டும். கம்பெனி நட்டெல்லாம் கழலுது. நம்ம வூட்டுக் குழாய்தான் கழல மாட்டேங்குது. அடிபம்பு அடிச்சு அடிச்சு என் தோள்பட்டை கழலுது. அதையும் உங்க சாராண்ட சொல்லு. அதுக்கும் கை தட்டுவாங்க."

இந்த இடத்தில் அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் சந்திரம்மாளின் வயிற்றெரிச்சல் யாருக்கும் புரியாது.

சந்திரம்மாளிடம் ஓர் எருமை இருந்தது. பெயர் கருப்பாயி. ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் டீ குடித்தவன் எவனும் கருப்பாயிக்குக் கடமைப்பட்டவன். அப்பேர்ப்பட்ட கருப்பாயியின் கழனித் தொட்டி தை மாசம் விரிசல் விட்டுவிட்டது. தவிடும் புண்ணாக்கும் கரைத்து ஊற்றினால் பாதி மண்ணுக்கு, மீதிதான் எருமைக்கு. "நல்லதா ஒரு தொட்டி வாங்கியாய்யா" என்று புருஷனை மெட்ராசுக்கு அனுப்பினாள் சந்திரம்மாள். அவனும் போனான். அங்கே ஏதோ ஒரு பழைய பங்களாவை இடித்து, சாமான்களை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவனும் தொட்டிதான் வாங்கிக்கொண்டு வந்தான்.

குளிக்கிற தொட்டி!

ஆள் நீளம். உள்ளே பால் வெள்ளையில் பீங்கான் பூச்சு. அடியில் நாலு சிங்கப் பாதம். கால்மாட்டில் தொட்டியோடு சேர்த்து முடுக்கிய பித்தளைக் குழாய். குழாயின் உச்சியில் குறுக்கும் நெடுக்குமாக ஒரு பிடி. பிடியின் நடு நெற்றியில் ஒரு வெள்ளைப் பொத்தான்.

"இது இன்னாய்யா?" என்றாள் சந்திரம்மாள், லாரியைப் பார்த்து.

"பாத் டப்புமே. வெள்ளைக்காரன் குளிச்சது."

"கருப்பாயிக்கா?"

"வாயக் கழுவு! எனக்கு!"

அன்றிலிருந்து பரசுராமன் படுத்துக்கொண்டே குளித்தான். "வல்லத்துல இருந்து ஒரகடம் வரைக்கும் படுத்துகினு குளிக்கிறவன் நான் ஒருத்தன்தான்" என்று கம்பெனி பஸ்ஸில் தினமும் ஒரு முறை அறிவிப்பான். கேட்காதவனுக்கு இன்னொரு முறை சொல்வான்.

அவன் படுக்க வேண்டுமென்றால் தண்ணீர் வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தட்டி கட்டின குளியல் மறைப்பு. அதன் மேல் சவுக்குக் கட்டைகளில் ஒரு டிரம். டிரம்மிலிருந்து ரப்பர் குழாய் இறங்கி இந்தப் பித்தளைக் குழாயில் சொருகியிருக்கும். டிரம்மை நிரப்புவது யார்? சந்திரம்மாள். அந்தக் குழாயோ ஆடியில் சொட்டியது, ஆவணியில் ஒழுகியது, புரட்டாசியில் ஓடியது. தொட்டியில் தேங்கின தண்ணீரிலேயே குளிக்கக் கூடாதா என்றால், ஊறின தண்ணியில் துரை குளிக்க மாட்டாராம். காலையில் தொட்டியின் அடி ஓட்டையில் அடைத்த துணியை உருவி விட்டுவிடுவான். சந்திரம்மாள் சுமந்த தண்ணீரெல்லாம் வாழைக்குப் பாய்ந்தது. வாழை நன்றாக வளர்ந்தது.

குழாயின் உள்ளே வாசர் தேய்ந்துபோயிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் முதலில் மேலே இருக்கும் பிடியைக் கழற்ற வேண்டும். பிடி வரவில்லை. தினமும் குளிக்கும்போது படுத்தவாக்கிலேயே கால் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளிப் பார்ப்பான். "ஸ்பேனர் போட்டா வந்துரும்" என்பான். ஸ்பேனர் போட ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஓ.டி. வந்துவிடும்.

இப்போது மாலை போட்ட கழுத்தோடு சபதம் போட்டுவிட்டான்.

"சரி, மூடலைன்னா?" என்றாள் சந்திரம்மாள்.

"மூடலைன்னா அந்தத் தொட்டியை உன் எருமைக்கே வெச்சிக்க!"

குடத்தைத் தூக்கப் போனவள் நிமிர்ந்தாள். "நெஜமாத்தான் சொல்றியா?"

"மாலை போட்ட கழுத்துமே இது. மாத்திப் பேசாது."

"சரி."

பெண்டாட்டி வாயிலிருந்து ஒரே ஒரு 'சரி' மட்டும் வந்தால், கல்யாணமான எவனும் அந்த இடத்திலேயே உஷாராகிவிட வேண்டும். பரசுராமன் பொரி தின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவன் எழுந்து வந்து பார்த்தால், கூடத்தில் ஜோதிமயம்! சரஸ்வதி படத்துக்கு முன்னால் அவனுடைய ஸ்பேனர்கள் சின்னதிலிருந்து பெரியது வரை கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் வரிசை கட்டிப் படுத்திருந்தன. ஒவ்வொன்றும் புளி போட்டுத் துலக்கியது. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். பைப் ரெஞ்சுக்கு மட்டும் ஸ்பெஷலாக ஒரு முழம் சாமந்தி. சுத்தியல், உளி, திருப்புளி, ரம்பம், அரம், எல்லாம் இருந்தன. எப்போதோ தொலைந்துபோய், ஊரையெல்லாம் அவனைச் சந்தேகப்பட வைத்த கட்டிங் பிளேயர்கூட ஒரு பொட்டோடு அங்கே உட்கார்ந்திருந்தது. அரிவாள்மனை, தேங்காய்த் துருவி, உலக்கை, அம்மிக் குழவி, கடப்பாரை, சைக்கிள். வீட்டில் இரும்பாகவோ கெட்டியாகவோ இருந்த எதையும் அவள் விடவில்லை.

பரசுராமனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"சந்திரா! கம்பெனியில கூட இந்த மாதிரி வெக்கலமே!"

"உன் ஆயுதம் ஆச்சே. சும்மா வுடுவேனா?" என்று கற்பூரத்தை ஏற்றினாள் சந்திரம்மாள்.

தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிரும்போது பக்கத்து வீட்டு ரத்தினம் வந்தான். அதே கம்பெனியில் அசெம்பிளி லைனில் இருப்பவன்.

"அண்ணே, எங்க பூஜை இனிமேதான். அதுக்குள்ள சைக்கிள் செயின் கழண்டுகிச்சு. அந்தக் கட்டிங் பிளேயரை ஒரு நிமிஷம் குடு, இதோ தந்துர்றேன்."

பரசுராமன் திரும்பிய திருப்பில் கற்பூரமே ஒரு ஆட்டம் ஆடியது.

"டேய்! உனக்கு அறிவு கீதா? ஃபிட்டர் வூட்டுக்கு வந்து கேக்குற கேள்வியாடா இது? பொட்டு வெச்ச ஆயுதம்டா! வருஷம் பூரா நமக்கு ஒழைக்குது. ஒரு நாள் அதுக்கு லீவு வேணாவா? இன்னிக்கு அதைத் தொட்டா, தொட்ட கை வெளங்காது!"

"இல்லண்ணே, ஒரே நிமிஷம்..."

"அரை நிமிஷம் கூடக் கூடாது! நான் இருக்கும்போது இந்த வூட்ல எவனும் பொட்டு வெச்ச சாமானைத் தொட முடியாது!"

"நல்லாக் கேட்டுக்க ரத்தினம்" என்றாள் சந்திரம்மாள், சுண்டலை நீட்டியபடி. "நாளைக்குக் காலையில மறுபூஜை ஆவுற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. இல்லய்யா?"

"யாரும்!" என்று மார்பைத் தட்டினான் பரசுராமன்.

மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு. சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வேட்டியை மடித்துக் கட்டினான். டயர் ட்யூபிலிருந்து தானே அளவாக வெட்டி வைத்திருந்த புது வாசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கூடத்துக்கு வந்தான். பைப் ரெஞ்சை நோக்கிக் குனிந்தான்.

"கை!"

அடுப்படியிலிருந்து ஒரே ஒரு சொல். அவன் கை அந்தரத்தில் நின்றது.

"குழாய்க்கு வேணும்மே..."

"பொட்டு வெச்சது."

"ரிப்பேருக்குத்தானே..."

"வெளங்காதுன்னு சொன்னது யாரு?"

"அது ரத்தினத்துக்குச் சொன்னது!"

"ரத்தினத்துக்கு ஒரு சாமி, உனக்கு ஒரு சாமியா? மாலை போட்ட கழுத்துன்ன. மாத்திப் பேசாதுன்ன."

பரசுராமன் பைப் ரெஞ்சைப் பார்த்தான். பைப் ரெஞ்சு சாமந்திப் பூவோடு அவனைப் பார்த்தது. வாசல் வெயிலைப் பார்த்தான். விளக்கு வைக்க இன்னும் ஒரு பொழுதுதான் இருக்கிறது. தொட்டி போய்விடும். நாளைக்கு பஸ்ஸில் என்ன சொல்வான்?

ரத்தினம் வீட்டுக்கு ஓடினான். அங்கேயும் பூஜை முடிந்து எல்லாம் பொட்டோடு படுத்திருந்தன. சைக்கிள் கடைக்கு ஓடினான். பம்புக்குக்கூட மாலை போட்டிருந்தார்கள். மோட்டார் கொட்டகை, தச்சுப் பட்டறை, இரும்புப் பட்டறை, எங்கே போனாலும் சந்தனம், குங்குமம், பொரி. ஒவ்வொரு வீட்டிலும் இலையில் ஒரு பிடி சுண்டல் கொடுத்தார்கள். ஸ்பேனர் கொடுக்கவில்லை. அந்த வட்டாரத்திலேயே அன்றைக்கு உத்தியோகத்தில் இருந்த ஒரே ஆயுதம் அவன் வாயிலிருந்த பல்தான்.

திரும்பி வரும்போது சட்டென்று நின்றான். நெற்றியில் அடித்துக்கொண்டான். எதிர் வீடு! ஞானம்மா வீடு! அவர்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். ஞானம்மாவின் புருஷன் மிலிட்டரியில் மெக்கானிக். அவன் லீவில் வந்தபோது வைத்துவிட்டுப் போன இரும்புப் பெட்டி வீட்டிலேயே இருக்கிறது. அந்த வீட்டில் ஆயுத பூஜையே கிடையாது!

"தணிகாசலம் சார் சும்மாவா மாலை போட்டாரு?" என்று தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு எதிர் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"ஞானம்மா! உங்க வூட்டுக்காரரு ஸ்பேனர் பெட்டி கீதா?"

"அது இங்க இல்லையேண்ணே" என்றாள் ஞானம்மா. "காலங்காத்தாலேயே உங்க வூட்டம்மா வந்து வாங்கிகினு போச்சே."

"எதுக்கு?"

"'எங்க ஸ்பேனரெல்லாம் பூ வெச்சிகினு ஜம்முன்னு கீது. உங்களுது மட்டும் கட்டிலுக்கு அடியில இருட்டுல கெடக்குது, பாக்கவே பாவமா கீது ஞானம்மா'ன்னுச்சு. நானும் சரி, இருக்கட்டுமேன்னு குடுத்துட்டேன். சுண்டல் கூட அனுப்பிச்சு. நல்லா இருந்துச்சுண்ணே."

பரசுராமன் வீட்டுக்குப் போய் எட்டிப் பார்த்தான். சரஸ்வதி படத்துக்குப் பின்னால் அந்த மிலிட்டரிப் பெட்டி இருந்தது. மற்றதற்கெல்லாம் ஒரு ரூபாய் அளவு பொட்டு என்றால் அதற்கு மட்டும் அப்பளம் அளவு.

சரி, ஃபிட்டருக்குக் கை போதும் என்று முடிவு செய்தான். ரத்தினத்தையும் கூட்டிக்கொண்டு குளியல் மறைப்புக்குள் போனான். டிரம்மிலிருந்து வரும் ரப்பர் குழாயை ரத்தினம் பிடித்துக்கொண்டான். பிடியைச் சுற்றி ஈரத் துண்டைச் சுற்றி பரசுராமன் முறுக்கினான். முகம் சிவந்தது. துண்டு கிழிந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தான். தேங்காய் எண்ணெய் விட்டான். குழாயின் கழுத்தில் வெந்நீர் ஊற்றினான். தொட்டிக்குள் இறங்கி, சுவரில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலாலும் உதைத்தான். பிடி அசையவில்லை. குழாய் மட்டும் முன்பைவிட உற்சாகமாக ஓடியது.

"அண்ணே, அந்தப் பொத்தான்ல ஏதாச்சும் சூட்சுமம் இருக்குமோ?" என்றான் ரத்தினம்.

"அது அழகுக்குடா. பிடியோட ஒரே வார்ப்பு. வெள்ளைக்காரன் வேலைன்னா சும்மாவா?" பொத்தான் ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. அதை நகத்தால் தட்டிவிட்டான். "இந்த சந்திராவுக்கு ஒரு பாத்திரம் ஒழுங்காக் கழுவத் தெரியாது."

வெயில் சாய்ந்தது. பரசுராமன் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான். அந்த வழவழ வெள்ளையைத் தடவினான். இதிலா ஓர் எருமை நாக்கைப் போடப் போகிறது? அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

சந்திரம்மாள் காபி கொண்டுவந்தாள். அவன் பக்கத்தில் டம்ளரை வைத்தாள். குரலில் தேன் ஒழுகியது.

"பாவம், இன்னாத்த பண்ணுவ? கையில ஒரு ஆயுதமும் இல்ல. எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு." போகத் திரும்பினவள் நின்று பெருமூச்சு விட்டாள். "கருப்பாயிக்குத்தான் இன்னிக்குப் பொட்டு இல்ல. அதுக்கெல்லாம் பொங்கல்லதான். அவ்ளோ பலம் கீது அதுக்கு. சும்மா நின்னுகினு கீது."

அவள் போய்விட்டாள். பரசுராமனின் டம்ளர் வாய்க்குப் போகும் வழியில் நின்றது.

"ரத்தினம்!"

"இன்னாண்ணே?"

"எனக்கு ஒரு ஐடியா வந்திருச்சுடா! மாட்டுக்குப் பொட்டு பொங்கல்ல! இன்னிக்கு எருமை ஃப்ரீ! கயிறு ஃப்ரீ! பிடியில கயித்தைக் கட்டுறோம். மறு முனையை எருமை மேல கட்டுறோம். ஒரே இழுப்பு! பிடி கையோட வந்துரும்!"

"அண்ணே, இந்த ஐடியா..."

"எனக்கு வந்ததுடா! எனக்கே வந்தது! கம்பெனியில இப்படி இழுத்துக் கழட்டுற சாமானுக்குப் பேரு புல்லர்!"

நொடியில் சேதி பரவியது. பூஜை முடிந்து வேலை வெட்டி இல்லாமல் இருந்த தெரு முழுக்கப் பின்கட்டுக்கு வந்துவிட்டது. ஞானம்மா நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொண்டாள். பரசுராமன் தட்டிக் கதவைக் கழற்றிப் போட்டான். கருப்பாயியை ஓட்டி வந்து நிறுத்தினான். கயிற்றின் ஒரு முனையை எருமையின் மார்பில் சுற்றிக் கட்டினான். மறு முனையைக் குழாய்ப் பிடியில் முடிச்சு மேல் முடிச்சு போட்டான். முடிச்சில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வந்தவர்களுக்கு பவர் என்றால் என்ன, லோடு என்றால் என்ன என்று விளக்கினான்.

இந்த நேரத்தில் சந்திரம்மாள் செய்த ஒரு காரியத்தை யாரும் கவனிக்கவில்லை. டிரம்மின் ரப்பர் குழாயைப் பித்தளைக் குழாயிலிருந்து உருவி, மடித்து, ஒரு வாழை நாரால் கட்டிவிட்டாள். பிறகு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த மாட்டுக் கொட்டகைக்குப் போனாள்.

"ஓரம் போங்க எல்லாரும்! பிடி பறந்து வந்தா மண்டையில படும்!" என்று கத்தினான் பரசுராமன். "ஏய் கருப்பாயி! இழு!"

கருப்பாயி இழுக்கவில்லை. வாலால் ஈ ஓட்டியது.

"இழுமே!"

அசை போட்டது. கூட்டம் சிரித்தது. பரசுராமன் தட்டினான், தள்ளினான், கெஞ்சினான். அப்போது கொட்டகையிலிருந்து ஒரு குரல் வந்தது. கூடவே தவிடும் புண்ணாக்கும் கரைத்த வாசனை வந்தது. கருப்பாயிக்குச் சாப்பாட்டு நேரம்.

"கருப்பாயீ! பா... பா... பா!"

கருப்பாயி கிளம்பியது.

கயிறு விறைத்தது. கூட்டம் மூச்சைப் பிடித்தது. பரசுராமன் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிடி வரவில்லை. குழாய் வரவில்லை. தொட்டி வந்தது! நாலு சிங்கப் பாதமும் ஈரத் தரையில் சர்ரென்று வழுக்கி, வாசல் தாண்டி, முற்றத்துச் சேற்றில் இறங்கி, கருப்பாயி பின்னால் தேர் மாதிரி அசைந்து அசைந்து போனது.

"ஸ்டாப்! ஸ்டாப்! டேய் ரத்தினம், ஆஃப் பண்றா!"

"எருமையை எங்கண்ணே ஆஃப் பண்றது?"

பரசுராமன் ஓடிப்போய்த் தொட்டியின் பின்பக்கத்தைப் பிடித்தான். தொட்டி அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. கருப்பாயி நேராகக் கொட்டகைக்குள் போய், எப்போதும் நிற்கிற இடத்தில் நின்றது. தொட்டி எங்கே நின்றதென்றால், பழைய கழனித் தொட்டி இருந்த இடத்தில். பழையதை யாரோ காலையிலேயே அப்புறப்படுத்திப் பெருக்கி வைத்திருந்தார்கள்.

சந்திரம்மாள் மடியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துத் தொட்டியின் ஓட்டையில் வைத்து அழுத்தினாள். அளவெடுத்துச் செதுக்கித் துணி சுற்றின பூவரசங்கட்டை. கச்சிதமாகப் பொருந்தியது. அண்டாவைச் சாய்த்துக் கழனித் தண்ணியை ஊற்றினாள். கருப்பாயி தலையைக் கவிழ்த்து வெள்ளைக்காரத் தொட்டியில் முதல் வாய் வைத்தது. சந்திரம்மாள் கொட்டகை மாடத்து விளக்கை ஏற்றினாள்.

பரசுராமன் சேறு சொட்டச் சொட்ட எழுந்தான். "இது செல்லாது! நாலு பேரு கை குடுங்கப்பா. தொட்டியைத் தூக்கணும்!"

"இருய்யா" என்றாள் சந்திரம்மாள். சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டுத் தொட்டியின் நெற்றியில் ஒரு வட்டம் இட்டாள். அதன் நடுவில் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினாள். "ஆயுத பூஜை அன்னிக்கு வூட்டுக்கு வேலைக்கு வந்த சாமான். பொட்டு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? இப்ப தூக்கு."

நாலு பேரும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "வேணாண்ணே" என்றான் ரத்தினம். "தொட்ட கை வெளங்காதுன்னு காலையிலதான் நீ சொன்ன."

கூட்டம் கலைகிற மாதிரி தெரியவில்லை. தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. "எருமைக்கு சிங்கப் பாதம் வெச்ச தொட்டி! மெட்ராஸ்ல கூடக் கெடையாது" என்றது ஒரு குரல். "ஒரு சொட்டு கூடக் கீழ போவல பாரேன்" என்றாள் ஞானம்மா. பரசுராமனின் காதில் அது விழுந்தது. முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. சேற்றைத் துடைத்துக்கொண்டான். தொண்டையைக் கனைத்தான்.

"பின்ன? நாலு ஆள் தூக்குற தொட்டி. ஒத்த எருமையை வெச்சு நகத்தியிருக்கேன். லோடு, பவர், ஆங்கிள், எல்லாம் கணக்கு. இனிமே வல்லத்துல இருந்து ஒரகடம் வரைக்கும் வெள்ளைக்காரத் தொட்டியில கழனி குடிக்கிற எருமை எங்க கருப்பாயி ஒண்ணுதான்!"

சந்திரம்மாள் சிரிப்பை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஆனால் அந்தப் பிடி அவன் மனசில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. தொட்டி போனால் போகட்டும். கழலாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கலாமா? மறுநாள் விடிந்தது. மறுபூஜை முடிந்தது. கற்பூரம் அணைவதற்குள், வாடின மாலை இன்னும் கழுத்தில் தொங்க, பைப் ரெஞ்சை உருவிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான்.

கருப்பாயி குழாயை நக்கிக்கொண்டிருந்தது. பொத்தானைத்தான் அப்படி ஆசை ஆசையாக நக்கியது. இன்னொரு நக்கு. பொத்தான் கழன்று தவிட்டுத் தண்ணியில் ப்ளக் என்று விழுந்தது. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு குழி. குழிக்குள் ஒரு ஸ்க்ரூ.

பரசுராமன் ரெஞ்சைக் கீழே போட்டான். ஓடிப்போய்த் திருப்புளியைக் கொண்டுவந்தான். திருகினான். ஸ்க்ரூ வந்தது. பிடியைத் தொட்டான். பிடி பூ மாதிரி கையோடு வந்துவிட்டது.

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பிடியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினான்.

"சந்திரா! பாத்தியா! கழட்டிட்டேன்! இந்தக் கையால கழலாத நட்டு கெடையாதுன்னு சார் சொன்னாரே, சும்மாவா சொன்னாரு?"

சந்திரம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"பொத்தானுக்கு உள்ள ஒரு ஸ்க்ரூ இருந்திருக்குமே?"

பரசுராமனின் கை மெல்ல இறங்கியது. "உனக்கு... எப்படித் தெரியும்?"

"முந்தாநேத்து நீ சபதம் போட்டுட்டுப் பொரி தின்ன பாரு, அப்பத்தான் புளி போட்டுக் குழாயைத் துலக்குனேன். பொத்தான் கையோட வந்துச்சு. ஐயய்யோ, நாளைக்கு மனுஷன் கண்ணுல பட்டா அரை நிமிஷத்துல கழட்டிடுவாரேன்னு பயந்து, நாலு பருக்கை சோத்தை மசிச்சு திரும்பவும் ஒட்டிட்டேன்." தட்டில் தோசையைப் போட்டு அவன் முன்னால் நகர்த்தினாள். "ஒட்டுனது நானு, நக்கி எடுத்தது கருப்பாயி. நீ அந்த மாலையைக் கழட்டிட்டு உக்காந்து சாப்புடு."